ஏழாம் தூணுக்கு மேலே

முப்பத்து மூன்று வயதில் எனக்குப் பராமரிப்புப் பிரிவின் பொறுப்பைக் கொடுத்தார்கள். மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு, பைக்கில் பத்து நிமிடத்தில் கம்பெனி. நான் தெற்கத்திக்காரன். டிப்ளமோ முடித்த கையோடு ஓசூருக்கு பஸ் ஏறியவன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்றதும், வரிசையில் எனக்கு மேலே நின்ற இரண்டு பேரைத் தாண்டி என்னை உட்கார வைத்தார் பிளான்ட் மேனேஜர். அந்த நன்றியை அவர் கேட்காமலேயே ஒவ்வொரு நாளும் காட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய பிரஸ் மெஷின்களுக்கான இரும்புச் சட்டங்களை நாங்கள் செய்தோம். ஒவ்வொன்றும் பத்து டன், பதினைந்து டன். அவற்றைத் தூக்கி நகர்த்த ஷெட்டின் உச்சியில் ஒரு கிரேன் இருந்தது. பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஷெட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக இரும்புத் தூண்கள். தூண்களின் தோள்மீது, முப்பதடி உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓர் உத்தரம். உத்தரத்தின் முதுகில் தண்டவாளம்; கம்பெனியில் அதை 'ரெயில்' என்போம். ரயில் ஓடும் தண்டவாளத்தைவிடக் குட்டையாக, தலை தடித்து இருக்கும். இரண்டு பக்கத் தண்டவாளங்களுக்கும் பாலம் போட்ட மாதிரி கிரேன் குறுக்கே நிற்கும். அதன் இரண்டு முனையிலும் சக்கரங்கள். கீழே எவ்வளவு கனம் தொங்கினாலும் கடைசியில் அதைத் தாங்குவது அந்தச் சக்கரங்களுக்கு அடியில் இருக்கும் சில விரல் அகல இரும்புதான். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள தூரம் நூல் பிடித்த மாதிரி ஒரே அளவாக இருக்க வேண்டும். கொஞ்சம் விலகினாலும் சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் பக்கவாட்டை அரைக்க ஆரம்பித்துவிடும்.

கிரேனை ஓட்டியவருக்கு அப்போது ஐம்பத்தைந்தை நெருங்கும் வயது. பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். கிரேன் பாலத்துக்குக் கீழே கூண்டு மாதிரி தொங்கும் கேபினில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவர். காலையில் ஏணியில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். சீட்டில் இருந்த ஸ்பாஞ்சைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் தகரத்தில் உட்காருவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஸ்பாஞ்ச் இருந்தா வண்டி பேசறது கேக்காதுங்க சார்" என்றார்.

நான் பொறுப்பேற்ற இரண்டாவது மாதம் அவர் என் மேஜைக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், ஏழாவது தூண்கிட்ட வந்தா வண்டி ஒரு தூக்கு தூக்கிப் போடுதுங்க. கிழக்கால பக்கம். லோடு இல்லாதப்ப தெரியல. லோடோட போனா முதுகுல குத்துது."

"எத்தனை நாளா?"

"தீபாவளிக்கு அப்புறமா லேசா இருந்துது சார். இப்ப ஜாஸ்தி. ரெயில் ஜாயின்ட்டுல ஏதோ ஆயிருக்கு. ஒருதரம் நீங்க மேல வந்து பாத்தீங்கன்னா..."

பார்க்கிறேன் என்றேன். அன்று மதியம் ஏறவும் செய்தேன். இங்கேதான் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு உயரம் ஆகாது. சிறு வயதிலிருந்தே அப்படித்தான். தரையில் நிற்கும்போது யாருக்கும் தெரியாது. உத்தரத்தின் ஓரமாகப் போகும் நடைபாதை ஒன்றரை அடி அகலம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் தூண், இரண்டாம் தூண் என்று நகர்ந்தேன். மூன்றாம் தூணைத் தாண்டியதும் கீழே வெல்டிங் வெளிச்சம் பளிச்சென்று அடித்தது. ஷெட் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு கம்பியைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சட்டை நனைந்துவிட்டது. பிறகு அப்படியே பின்னாலேயே காலெடுத்து வைத்து ஏணிக்குத் திரும்பி இறங்கிவிட்டேன்.

கேபினில் இருந்து அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பார்த்திருப்பார் என்று நான் முடிவு செய்துகொண்டேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை அந்த முடிவுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

ரிப்போர்ட்டில், 'கிழக்குப் பக்கத் தண்டவாளம் முழுவதும் பார்வையிடப்பட்டது, குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் அவர் மறுபடி வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். நான் சொல்லிப் பார்த்தேன், முகம் கொடுக்காமல் இருந்து பார்த்தேன். ஒரு நாள் காலை மீட்டிங்கில், பிளான்ட் மேனேஜர் முன்னாலேயே கையைத் தூக்கிவிட்டார்.

"சார், ரெயிலைப் பாக்கணும்ங்க சார். ஏழாவது தூண்ல தூக்கிப் போடுது."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "பாத்தாச்சா?"

"பாத்துட்டேன் சார். ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்ன? ரெயிலைக் கழட்டணும்னா ரெண்டு நாள் ஷெட்டை நிறுத்தணும். மாசக் கடைசி. எவ்வளவு டெஸ்பேட்ச் நிக்குது தெரியுமில்ல?" என்னிடம்தான் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்க ஆளை நீங்க பாத்துக்கங்க" என்றார்.

மீட்டிங் கலைந்ததும் பாகலூர்க்காரரைப் பார்த்து, "யோவ், ஏழாம் தூணு, இங்க வா" என்று கூப்பிட்டேன். அதுவரை அவரை 'நீங்க' என்றுதான் சொல்லியிருந்தேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அது அவருக்குப் பெயராகிவிட்டது. கேன்டீனில் தட்டு நீட்டினால், "ஏழாம் தூணுக்கு ரெண்டு கரண்டி குழம்பு ஊத்துங்கப்பா" என்றார்கள். அவர் ஏணியில் ஏறும்போது கீழிருந்து ஒருவன், "அண்ணே, தூக்கிப் போட்டுறப் போவுது" என்று கத்துவான். அவர் யாரையும் திட்டியதில்லை. குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் ஒரு நாள் புகாரை எழுத்தில் கொடுத்தார். தமிழில், வளைந்த பெரிய எழுத்தில், அரைப் பக்கம். எழுத்தில் வந்துவிட்டால் பதில் எழுத வேண்டும். நான் குறை இல்லை என்று எழுதிய தாள் அதற்கு முன்னால் நிற்கும். அந்தப் பயத்தில்தான் அந்த யோசனை வந்தது. பிரச்சினை தண்டவாளத்தில் இல்லை, உட்கார்ந்திருப்பவரின் தலையில் இருக்கிறது என்று காட்டிவிட்டால் போதும்.

கேன்டீனுக்கு எதிரே, முற்றத்தில், பழைய கிரேன் தண்டவாளத் துண்டு ஒன்று கிடந்தது. இருபதடி நீளம். ஷெட்டை நீட்டியபோது மிஞ்சியது. மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது அவரை அங்கே கூப்பிட்டேன்.

"உனக்குத் தலை சுத்துதுன்னு நினைக்கிறேன். அதான் வண்டி தூக்குற மாதிரி இருக்கு. இது மேல ஏறி நட. பாக்கலாம்."

"எனக்குச் சுத்தலைங்க சார்."

"அப்ப நடக்க என்ன பயம்?"

ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். சிலர் வேடிக்கை பார்த்தார்கள், சிலர் போனை எடுத்தார்கள். அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸைக் கழற்றி ஷூவுக்குள் வைத்தார். வெயிலில் சுட்டிருக்க வேண்டும், வெறுங்காலை இரும்பின்மேல் வைத்ததும் ஒருமுறை எடுத்து மறுபடி வைத்தார். பிறகு நடந்தார். கையைக்கூட விரிக்கவில்லை. தன் வீட்டு வாசலில் நடக்கிற மாதிரி இருபதடியும் நடந்து, கோடியில் திரும்பினார். சிரிப்பு நின்றுபோயிருந்தது. யாரோ ஒருவர் கை தட்டப் போனதை நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பாதியில் இருந்தார். எனக்குப் பக்கத்தில் ஒரு தகடு சாய்த்து வைத்திருந்தது. என் கையில் ஸ்பேனர். அவர் என் நேருக்கு வந்ததும் தகட்டை ஓங்கி ஒரு அடி அடித்தேன்.

அந்தச் சத்தத்தில் யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்களே பதறினார்கள். அவர் ஒரு கால் சறுக்கி மண்ணில் ஊன்றினார். விழவில்லை. மறு கால் இன்னும் தண்டவாளத்தின் மேலேயே இருந்தது. முதலில் சிரித்தது நான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் எதற்காக இப்படிச் செய்கிறேன் என்று புரிந்துகொள்ளப் பார்ப்பவரின் முகம் அது.

'சமதளத்தில் தண்டவாளத்தின் மீது நடக்கையில் நிலை தடுமாறினார்' என்று எழுதினேன். புதன்கிழமைகளில் கம்பெனிக்கு வரும் டாக்டரிடம் அந்தத் தாளை முன்கூட்டியே கொடுத்து, ஆபரேட்டருக்குத் தலைசுற்றல், மேலே விட்டால் ஆபத்து என்றேன். டாக்டர் அவரை உட்கார வைத்து இரண்டு கேள்வி கேட்டார். அவர் சொன்ன பதிலைவிட என் தாள்தான் டாக்டருக்கு நம்பிக்கையாக இருந்தது. உயரத்தில் வேலை செய்யத் தகுதியில்லை என்று எழுதினார். தலைசுற்றலுக்கு மாத்திரையும் எழுதினார். தொடர்ந்து சாப்பிட வேண்டும் என்றார்.

அந்த மாதமே கிரேனை ரிமோட்டுக்கு மாற்றினோம். அதை யோசனையாகச் சொன்னதும் நான்தான். கேபினை அறுத்து இறக்கினார்கள். இனி ஆபரேட்டர் தரையில் நின்று, இடுப்பில் கட்டிய பெட்டியின் பட்டன்களை அழுத்தினால் போதும். அந்த வேலைக்கு எங்கள் ஷெட்டிலேயே இருந்த சேலத்துக்காரர் ஒருவர், முப்பது வயது, சொன்னதைச் செய்கிறவர். தரையில் நிற்பவரின் முதுகில் தண்டவாளம் குத்தாது. புகார் சொல்ல ஆளே இல்லாமல் போயிற்று. மேனேஜர் என் தோளில் தட்டினார்.

பாகலூர்க்காரரின் கையில் துடைப்பம் கொடுத்தோம். ஷெட்டைக் கூட்டுவதும், வெல்டிங் கழிவை அள்ளிப் போடுவதும் அவர் வேலை. அவர் மறுக்கவில்லை. வேலையை விட்டுப் போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன், போகவில்லை.

இரண்டு வாரம் கழித்து என் மேஜைமேல் ஒரு பொட்டலம் இருந்தது. பேப்பரில் மடித்த பொட்டலம். பிரித்தேன். பளபளவென்று இரும்புச் செதில்கள், மீன் செதில் மாதிரி மெல்லியவை. அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். கண்ணெல்லாம் தூக்கக் கலக்கம். மாத்திரை அப்படி என்று பிறகுதான் தெரிந்தது.

"ஏழாவது தூணுக்குக் கீழ கூட்டினதுங்க சார். வேற எந்தத் தூணுக்குக் கீழயும் இது இல்ல. சக்கரம் ரெயிலைத் தின்னுது சார்."

அவர் சொன்னது சரி என்று எனக்கு அந்த நொடியே தெரிந்தது. படித்தவன் எனக்குத் தெரியாமல் இருக்குமா? சக்கர விளிம்பு உரசினால் இப்படித்தான் உதிரும். உள்ளே என்னுடைய உதவியாளர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் பார்க்க அந்தப் பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தேன்.

"கூட்டுறவன் குப்பையைத் தொட்டியில போடணும். ஆபீசர் மேஜையில போடக் கூடாது. தொட்டியையும் எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு போனார். ஆனால் அடுத்த வாரமும் பொட்டலம் வந்தது. ஐந்து மாதம், வாரம் தவறாமல் வந்தது. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கனமாக இருந்தது. நான் பிரிக்காமலே தொட்டியில் போட்டேன்.

ஒரு நாள் காலை, சானமாவு காட்டை ஒட்டி ராயக்கோட்டை ரோட்டில் யானை நின்றதால் முதல் ஷிப்ட் வேன் வரத் தாமதமானது. ஷெட்டில் வழக்கமாக இருக்கும் ஆட்களில் பாதிப் பேர்கூட இல்லை. சேலத்துக்காரர் பன்னிரண்டு டன் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். ஏழாம் தூணுக்கு நேரே வந்தபோது மேலிருந்து ஏதோ விழுந்து அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் குழி பறித்தது. தண்டவாளத்தை உத்தரத்தோடு பிடித்து வைக்கும் கிளிப்பின் போல்ட், முழுதாக அறுந்தது. அவர் கிரேனை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடிவந்தார். போல்ட்டை நீட்டினார். அது இன்னும் சூடாக இருந்தது.

அன்று நான் ஏறித்தான் ஆக வேண்டியிருந்தது. சேலத்துக்காரர் கீழே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தூண்வரை நின்று நடந்தேன். அதன்பிறகு குழந்தை மாதிரி கையையும் முட்டியையும் ஊன்றித் தவழ்ந்தேன். ஏழாம் தூணுக்கு மேலே இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் வெல்டிங் பிளந்திருந்தது. பிளவுக்குள் என் சுண்டுவிரல் போயிற்று. சுற்றிலும் மூன்று கிளிப்புகள் இல்லை. ஒரு பக்கத் தண்டவாளத்தின் தலை உள்பக்கமாக நகர்ந்து, சக்கரம் அதைச் செதுக்கிச் செதுக்கிக் கத்தி மாதிரி ஆக்கியிருந்தது. இன்னும் சில முறை லோடோடு போயிருந்தால் சக்கரம் ஏறி விழுந்திருக்கும். கீழே, அந்த இடத்துக்கு நேர் கீழே, பாகலூர்க்காரர் துடைப்பத்தோடு நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கீழே இறங்கி உடனே ஷெட்டை நிறுத்தச் சொன்னேன். அதுவரை செய்ததெல்லாம் கோழைத்தனம். அதற்குப் பிறகு செய்தது திருட்டு. வழக்கமான சோதனைக்காக மேலே ஏறியபோது நானே கண்டுபிடித்ததாக ரிப்போர்ட் எழுதினேன். வெளியிலிருந்து ஆட்கள் வந்து பழைய தண்டவாளத்தை அறுத்து எடுத்துப் புதியதைப் போட்டார்கள். இரும்பை உருக்கி ஊற்றி இணைப்புகளை ஒட்ட வைத்து, தேய்த்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளவெடுத்தார்கள். மூன்று நாளில் முடிந்தது. டெஸ்பேட்ச் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

பாதுகாப்பு வாரத்தில் எனக்கு மாலை போட்டு ஷீல்டு கொடுத்தார்கள். பெரிய விபத்தைத் தடுத்தவர் என்றார் மேனேஜர். எல்லோரும் கை தட்டினார்கள். பாகலூர்க்காரர் கடைசி வரிசையில் நாற்காலிகளை அடுக்க நின்றிருந்தார். அடுத்த ஞாயிறு எங்கள் சர்ச்சில், சபைக்கு முன்னால் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். அத்தனை உயிர்களையும் காப்பாற்ற ஆண்டவர் இந்த எளியவனைப் பயன்படுத்தினார் என்றேன். முன் வரிசையில் இருந்த பெண்கள் 'ஸ்தோத்திரம்' என்றார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ஷீல்டை டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

திங்கட்கிழமை அவர் என் அறைக்கு வந்தார்.

"சார், ரெயில் போட்டாச்சே. இனிமே என்னைக் கிரேனுக்கு விடுவீங்களா? ரிமோட்டுன்னாலும் பரவால்லீங்க."

"டாக்டர் எழுதிட்டாரு. நான் என்ன பண்ண முடியும்?"

"டாக்டரை எழுதச் சொன்னது நீங்கதானே சார்."

அதை அவர் மெதுவாகத்தான் சொன்னார். நான் எழுந்து நின்று கதவைக் காட்டினேன். "வெளிய போ" என்றேன். அந்த வாரமே மேனேஜரிடம் பேசினேன். மருத்துவக் காரணத்தால் பணிக்குத் தகுதியில்லை என்று ஒரு கடிதம் தயாரானது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் என்று சொன்னார்கள். நான் அன்று வேண்டுமென்றே கிருஷ்ணகிரியில் ஒரு வேலை வைத்துக்கொண்டேன்.

நாலு வருடம் போயிற்று. நான் ஒரு படி மேலே போனேன். மேனேஜர் புனேக்குப் போய்விட்டார். ஒரு நாள் டீ குடிக்கும்போது சேலத்துக்காரர் சொன்னார்.

"சார், நம்ம பாகலூர் அண்ணனைச் சந்தையில பாத்தேன். அவரு வீட்டு அக்கா கையப் புடிச்சு ரோடு தாண்ட வெக்கிறாங்க. தனியா நடக்க மாட்டேங்கறாரு. நீங்க அன்னிக்கே கரெக்டா கண்டுபிடிச்சிட்டீங்க சார்."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தகட்டில் அடித்ததையும், பொட்டலத்தையும், நான் தவழ்ந்ததையும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "சபையில என்னை அழ வச்சீங்களே" என்று மட்டும் சொன்னாள். எழுந்து போய் ஷீல்டைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோது முதல் வார்த்தை, "போய்ப் பாத்தீங்களா?"

சனிக்கிழமை காலை போனேன். பாகலூரைத் தாண்டி, ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குப் பின்னால் அவர் வீடு. தகரக் கூரை. அவர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரோஜாக்களை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் நடுங்கின. முகம் ஊதியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி ஓடிவந்து தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

"எந்திரிக்காதீங்கன்னா கேக்க மாட்டீங்களா?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "யாருங்க நீங்க?"

"கம்பெனி சாரு" என்றார் அவர். "மெயின்டனன்ஸ் சாரு."

அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்களாங்க? இவருக்குத் தலைசுத்தல்னு கண்டுபிடிச்சவரு நீங்கதான்னு சொன்னாங்க. அன்னிக்கு நீங்க பாக்கலைன்னா மேலருந்து விழுந்து இவரு செத்தே போயிருப்பாருங்க. எங்க குடும்பத்துக்குத் தெய்வம் மாதிரிங்க நீங்க. உக்காருங்க, உக்காருங்க."

நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் தட்டு வந்துவிட்டது. சுடச்சுடக் களி, கீரைக் குழம்பு. நான் சாப்பிடும்போது அந்த அம்மா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். பைக்கை விற்றுவிட்டார்களாம், இவர் ஓட்டக்கூடாது என்று. கூடாரத்தில் ஏணிமேல் ஏறும் வேலைக்குக் கூப்பிட்டார்கள், அனுப்பவில்லையாம். கிணற்றுப் பக்கம் போக விடுவதில்லையாம். மாத்திரையை ஒரு நாள்கூட விட்டதில்லை, தன் கையாலேயே கொடுப்பாராம். அவர் தலை நிமிராமல் ரோஜா கட்டிக்கொண்டிருந்தார்.

பாதிக் களி தட்டில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். "அம்மா, இவருக்கு ஒரு வியாதியும் இல்ல. நான் பொய் எழுதினேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தமிழில் சொன்னது போதுமா என்று சந்தேகமாக இருந்தது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் போதும் என்று தெரிந்தது.

அந்த அம்மா உள்ளே போனார். திரும்பி வரும்போது மடியில் அள்ளிக்கொண்டு வந்தார். தீர்ந்துபோன மாத்திரை அட்டைகள். எத்தனை என்று சொல்ல முடியாது. டாக்டர் கேட்டால் காட்ட வேண்டும் என்று ஒன்றையும் எறியாமல் சேர்த்து வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் என் மடிமேல், களித் தட்டின்மேல் கொட்டினார்.

"இத்தனையும் நான் இந்தக் கையால குடுத்தேனே" என்றார். "வேணாம் வேணாம்னு சொன்னாரே, திட்டித் திட்டிக் குடுத்தேனே." பிறகு தெலுங்கில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. என்னிடம் சொன்னதல்ல அது.

நான் பாகலூர்க்காரரைப் பார்த்து, "மாத்திரையை நிறுத்திடுங்க. நல்ல டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அவர் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். "அப்ப சுத்தலைங்க சார்" என்றார். "இப்ப சுத்துது. எந்திரிச்சு நின்னா தரை தூக்குது. முன்னெல்லாம் எனக்குத் தெரியும், எது வண்டி, எது ரெயிலு, எது நானுன்னு. இப்ப தெரியலைங்க."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு ஒன்று கேட்டார்.

"அன்னிக்குச் சிரிச்சாங்களே சார், அவங்ககிட்ட சொல்லுங்க. எங்கிட்ட சொல்லி என்ன? எனக்குத்தான் தெரியுமே."

திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு படித்தேன், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று. நிமிர்ந்து பார்த்தபோதுதான் கவனித்தேன். அன்று முற்றத்தில் நின்றவர்களில் சேலத்துக்காரரையும் என் உதவியாளர் ஒருவரையும் தவிர யாரும் அங்கே இல்லை. கான்ட்ராக்ட் ஆட்கள் எத்தனையோ தடவை மாறிவிட்டார்கள். பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். மரியாதையாகக் கேட்டார்கள். ஏழாம் தூண் என்றதும் சிலர் திரும்பித் தூணைப் பார்த்தார்கள். முடித்ததும் புது மேனேஜர், "இப்ப ரெயில் ஓகேதானே?" என்றார். ஓகே என்றேன். சைரன் அடித்தது. எல்லோரும் கலைந்தார்கள். சேலத்துக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, ரிமோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து அவர் வேலைக்குத் தேவையானதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஹெச்.ஆரில் கடிதம் கொடுத்தேன், பழைய ரிப்போர்ட்டுகள் பொய் என்று. ஃபைல் மூடியாகிவிட்டது, அவருக்கு வயதும் தாண்டிவிட்டது என்று பதில் வந்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அவ்வளவுதான். வேலை போகும் என்று பயந்தேன், போகவில்லை. நானாக விடவும் இல்லை. பெண்ணுக்குப் பள்ளிக்கூடம், வீட்டு லோன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சபையில் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சாட்சி சொல்லும் நேரத்தில் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவேன்.

மீட்டிங்கில் சொல்லிவிட்டேன் என்று சொல்ல அவருக்குப் போன் செய்தேன். அந்த அம்மாதான் எடுத்தார். குரலை வைத்தே என்னைத் தெரிந்துகொண்டார்.

"மாத்திரை நிறுத்தினதுல இருந்து அவருக்குத் தூக்கமே இல்லீங்க. இப்பத்தான் கண்ணசந்தாரு. எழுப்ப மாட்டேன்" என்றார்.

"எழுந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அவர் கேட்ட மாதிரி..."

"இனிமே இங்க போன் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் போன் செய்யவில்லை.